மூலை விரியாமல், விரல் போகாமல்

யாழ்ப்பாணத்து வீடுகளில் சுவரில் தொங்கும் படங்களின் மூலைகளைக் கவனித்துப் பாருங்கள். சுவாமிப் படமோ, காலஞ்சென்ற பாட்டனாரின் படமோ, பட்டமளிப்பு விழாப் படமோ, பிரேம் பழையதென்றால் நான்கு மூலையில் ஒன்றாவது வாய் பிளந்திருக்கும். அந்தப் பிளவை வைத்து ஒரு சின்னத் துப்பறிதல் செய்யலாம். வெளிமுனை ஒட்டியபடி இருக்க உட்பக்கம் விரிந்திருந்தால், மரம் ஈரமாக இருந்தபோது அந்தப் பிரேம் செய்யப்பட்டிருக்கிறது. உள்மூலை ஒட்டியிருக்க வெளிமுனை விரிந்திருந்தால், காய்ந்த மரத்தில் செய்த பிரேம் பிறகு ஈரம் குடித்திருக்கிறது. இரண்டுமில்லாமல் கோணலாக விரிந்திருந்தால் மட்டும் தச்சரைக் குறை சொல்லுங்கள்.

இப்படி மூலை விரியாமல் இருக்க ஒரு பழைய வழி உண்டு. மூலையை வெளிப்பக்கமாகக் கீறி, அந்தக் கீற்றுக்குள் ஒரு மெல்லிய மரத்துண்டைப் பசையோடு செருகிவிடுவது. ஆங்கிலத்தில் ஸ்பிளைன் என்பார்கள். செருகுதுண்டு என்றே வைத்துக்கொள்வோம். துண்டைச் செருகுவது எளிது. கீற்றைப் போடுவதுதான் வில்லங்கம். மேசைவாளில் செய்யக்கூடிய வேலைகளில் விரலுக்கு மோசமானவை எனச் சொல்லத்தக்கவற்றுள் இதுவும் ஒன்று. மூலை ஏன் விரிகிறது, துண்டு அதை எப்படித் தடுக்கிறது, கீற்றைப் பாதுகாப்பாகப் போடுவது எப்படி என்ற மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

மரம் எந்தப் பக்கம் அசைகிறது?

தறித்து அரிந்த பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. ஆனால் எல்லாத் திசையிலும் ஒரேயளவு அசைவதில்லை. பச்சை மரம் முழுக்கக் காய்ந்தாலும் நீளவாட்டில் 0.1 வீதம் அளவுதான் சுருங்கும். அகலவாட்டில் கதை வேறு. மிகக் குறைவாக அசையும் மரங்களில் ஒன்றாகப் பேர்பெற்ற தேக்கே, அரிந்த பக்கத்தைப் பொறுத்து, 6 வீதம் வரை சுருங்கும். பல மரங்கள் 8 வீதத்தையும் எட்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு வைகாசியில் சோளகம் தொடங்கினால் மாதக்கணக்கில் வறட்சி. கார்த்திகையில் கதவு நிலையோடு இறுகி நிற்பதும் ஆனியில் அதே கதவு தளர்ந்து ஆடுவதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. அதே அசைவுதான் பிரேமின் மூலையிலும் நடக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 50 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ 2 அங்குலம் அகலமான சட்டம். அதன் முனையை 45 பாகையில் சரித்து வெட்டியிருக்கிறோம். அது காய்ந்து அகலத்தில் 2 வீதம், அதாவது 1 மில்லிமீற்றர் சுருங்குகிறது. நீளம் மாறவில்லை. அகலம் மட்டும் குறைந்தால் சரிவின் கோணமும் மாறத்தான் வேண்டும்: 45 பாகை 44.4 ஆகிவிடும். இரண்டு சட்டமும் சேர்ந்து 90 பாகையை நிரப்ப வேண்டிய இடத்தில் ஒரு பாகைக்கு மேல் குறைகிறது. வெளிமுனை ஒட்டியிருந்தால் உட்பக்கத்தில் 1.4 மில்லிமீற்றர் இடைவெளி விழும். ஒரு தபாலட்டையைச் செருகலாம். வெட்டியவரின் கையில் எந்தப் பிழையும் இல்லை. பருவம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

முனையில் பசை ஏன் நிற்பதில்லை?

மூலை அசைய முற்படும்போது அதைப் பிடித்து நிறுத்த வேண்டியது பசை. ஆனால் 45 பாகையில் வெட்டிய முகத்தில் பசைக்கு நல்ல பிடி கிடைப்பதில்லை. மரம் நீளமான நார்களால் ஆனது. ஒவ்வொரு நாரும் உள்ளே வெற்றிடமுள்ள ஒரு நுண்குழாய். இரண்டு ஈர்க்குக்கட்டுகளைப் பக்கவாட்டில் சேர்த்து ஒட்டினால் நன்றாக ஒட்டும். நுனியோடு நுனி வைத்து ஒட்டிப் பாருங்கள், நிற்காது. மரமும் அப்படித்தான். சரித்து வெட்டிய முகத்தில் குழாய்களின் வாய் திறந்திருக்கிறது. பூசிய பசையில் ஒரு பங்கை அவை உள்ளே உறிஞ்சிவிட, மூட்டில் மெல்லிய படலம்தான் மிஞ்சுகிறது. தச்சர்கள் முனையில் முதலில் ஒருமுறை பசை பூசி ஊறவிட்டு, பிறகு இரண்டாம் முறை பூசுவது இதற்காகத்தான். அது ஓரளவுக்கு உதவும். முழுத் தீர்வாகாது.

படக்கடைகளில் பின்பக்கம் அடிக்கும் ஆணியும் முழுத் தீர்வல்ல. ஆணி இரண்டு சட்டத்தையும் ஒரு இடத்தில் கோத்து வைக்கும். மரம் அசைய அசைய ஆணித் துளை அகன்று கொடுக்கும்.

செருகுதுண்டு இந்த இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அது மூட்டின் குறுக்கே பாலம் போடுகிறது. துண்டின் நார் இந்தச் சட்டத்திலிருந்து அந்தச் சட்டத்துக்கு ஓடுகிறது. கீற்றின் இரு பக்கச் சுவர்களும் நாரின் பக்கவாட்டு முகங்கள். பசைக்கு அவைதான் பிடித்தமான இடம். மூலைக்குள் 25 மில்லிமீற்றர் ஆழத்துக்குக் கீறினால், துண்டின் இரு முகமும் சேர்ந்து ஒவ்வொரு சட்டத்தோடும் 625 சதுர மில்லிமீற்றர் பரப்பில் ஒட்டுகின்றன. 18 மில்லிமீற்றர் தடித்த அதே பிரேமில் சரிவு முகத்தின் பரப்பு ஏறத்தாழ 1,270. அதாவது அதன் பாதியளவு பரப்பைப் புதிதாகச் சேர்த்திருக்கிறோம். ஆனால் அது பசை முழுப் பலத்தோடு வேலை செய்யும் பரப்பு. தடித்த சட்டமென்றால் இரண்டு கீற்றுப் போடலாம், பரப்பு இரட்டிக்கும். மூலை திறக்க வேண்டுமென்றால் இனிப் பசை விட்டால் போதாது, துண்டின் நாரே அறுபட வேண்டும்.

நாரின் திசையை மட்டும் மாற்றிவிடக் கூடாது. துண்டின் நார் மூட்டுக்கோட்டுக்கு இணையாகப் போனால் அது பிஸ்கட் உடைவதுபோல் நாரோட்டத்தில் பிளந்துவிடும்.

துண்டுக்கு எந்த மரம்? இந்த ஊரில் அதற்குப் பதில் பனை. மற்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்கும். பனையில் வெளிவட்டம்தான் வைரம். நடு சோறுபோல் மென்மை. வெளிவட்டத்தில் கறுப்பு நார்க்கட்டுகள் ஒரே திசையில் நெருக்கமாக ஓடுகின்றன. ஒல்லாந்தர் காலத்தில் கடல் கடந்து ஏற்றுமதியான சலாகைகளுக்கும், இன்றும் பழைய வீட்டுக் கூரைகளைத் தாங்கி நிற்கும் கைமரங்களுக்கும் அந்த நார்தான் பலம். வேம்பு, மகோகனி போன்ற மரத்தில் செய்த பிரேமின் மூலையில் பனைத்துண்டு கறுப்புக் கோடாகத் தெரிவது தனி அழகு. இதற்காகப் பனை தறிக்கத் தேவையில்லை. கழித்துப்போட்ட கைமரத்தில் ஒரு சாண் போதும். சிராம்பு ஏறும், கவனம்.

வாளுக்கு முன்னால் ஐந்தில் ஒரு செக்கன்

கீற்றைக் கைவாளாலும் போடலாம். முன்பெல்லாம் அப்படித்தான் போட்டார்கள். 1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரமே இல்லாமற்போன ஆண்டுகளில் அதைத் தவிர வேறு வழியும் இல்லை. கைவாளின் நல்ல குணம், அது மனிதனின் வேகத்திலேயே போகும். தோலில் பட்டால் கை தானாக நின்றுவிடும். காயம் காயத்தோடு முடியும்.

வட்டவாள் அப்படியல்ல. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777இல் காப்புரிமை பெற்ற காலம் தொட்டு அதன் அடிப்படை ஒன்றுதான்: பல் நிற்காமல் ஒரே திசையில் ஓடும். நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண இரு துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,850 முறை சுற்றும். அதில் நேரடியாகப் பூட்டிய 10 அங்குல வாளின் பல்லுக்கு மணிக்கு 136 கிலோமீற்றர் வேகம். பெல்ட் போட்டுக் கப்பி மாற்றிச் சுற்றை 4,000 ஆக்கினால் 190 கிலோமீற்றர்.

ஏதோ பிசகுகிறது என்று கண்ணோ கையோ உணர்ந்து, மூளை கட்டளையிட்டு, கை அசையத் தொடங்குவதற்கு ஆரோக்கியமான ஒருவருக்கு ஏறத்தாழ 0.2 செக்கன் வேண்டும். அந்த நேரத்துக்குள் 40 பல் வாள் ஒன்பதரைச் சுற்றுச் சுற்றிவிடும். 380 பற்கள் அந்த இடத்தைக் கடந்திருக்கும். அனுபவம், கவனம், துணிவு எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது. முப்பது வருடம் வாள் பிடித்தவருக்கும் நேற்று வந்த பெடியனுக்கும் அதே 0.2 செக்கன்தான். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் மேசைவாளில் காயப்படுகிறார்கள். 4,000 வரையிலானவை விரல் துண்டிப்புகள்.

இந்த இடைவெளியை மின்னணுவியலால் அடைக்க முயன்றவர் அமெரிக்கரான ஸ்டீவ் காஸ். இயற்பியல் படித்துக் காப்புரிமை வழக்கறிஞரானவர். 1999இல் அவர் வடிவமைத்த சோஸ்டாப் முறையில் வாளில் எப்போதும் ஒரு மெல்லிய மின்சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். மனித உடல் தொட்டால் அந்தச் சமிக்ஞை சட்டெனத் தாழும். உடனே வில்விசையால் ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பல்லில் சிக்க, 5 மில்லி செக்கனுக்குள் வாள் நின்றுவிடும். வாள் கால் சுற்றுக்கூடச் சுற்றியிருக்காது. அற்புதமான கருவிதான். ஆனால் விலை நமது சிறு பட்டறைகளுக்கு எட்டாதது. ஒருமுறை பாய்ந்தால் கட்டையையும் வாளையும் மாற்ற வேண்டும். ஈரம் மிகுந்த பச்சை மரத்தையே கையென்று எண்ணிப் பாய்ந்துவிடவும் கூடும்.

இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு வேண்டும் என்கிறது. மேசைவாளுக்குக் காப்பென்றால் வாளின் மேல் கவிழும் மூடி. ஆனால் மூலைக்கீற்றுப் போட பிரேமை வாளின் மேல் நிறுத்த வேண்டும்; மூடி இருந்தால் அது முடியாது. சாதாரண வேலையில் உதவும் காப்பு, ஆபத்துக் கூடிய வேலைக்கு வரும்போது கழற்றப்படுகிறது. அதன் இடத்தை நிரப்ப வேறொன்று வேண்டும்.

மூலையில் நிற்கும் பிரேம்

2 அடிக்கு 2 அடிப் பிரேம் ஒன்றைக் கையால் பிடித்து, ஒரு மூலை கீழே இருக்க மேசைவாளில் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். அதன் மேல்மூலை மேசையிலிருந்து 34 அங்குல உயரத்தில் நிற்கும். எடையின் மையம் 17 அங்குலத்தில். மேசையில் படுவதோ கூரான ஒரே மூலை. முன்னே சாயலாம், பின்னே சாயலாம், பக்கவாட்டில் திரும்பலாம்.

வாளின் முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழே மேசையை நோக்கி அழுத்துகின்றன, அதில் பயமில்லை. பின்பக்கப் பற்கள் மேலெழுந்து வருகின்றன. வெட்டும் நடுவே பிரேம் சற்றே திரும்பினால் கீற்றின் சுவர் அந்தப் பின்பற்களைக் கவ்வும். பல் மரத்தைத் தூக்கித் தள்ளுபவரை நோக்கி எறியும். மரம் பறக்கும்போது அதைப் பிடித்திருந்த கை, பிடிப்பு இழந்து, தான் தள்ளிக்கொண்டிருந்த திசையிலேயே போகும். அந்தத் திசையில் வாள் இருக்கிறது. விரல் போகும் விபத்துகள் பல நடப்பது இப்படித்தான். கையை வாளில் வைத்ததால் அல்ல, மரம் கையை விட்டுப் போனதால்.

ஆகவே கழற்றிய காப்பின் இடத்தை நிரப்ப ஒரு ஜிக் வேண்டும்: பிரேமைப் பிடித்து வாளின் வழியே கொண்டுபோகும் மரத்தாங்கி. அது செய்ய வேண்டியவை மூன்று. பிரேம் எந்தப் பக்கமும் சாயவோ திரும்பவோ விடக் கூடாது. இரண்டு கையையும் வாளின் பாதையிலிருந்து அகற்றி வைக்க வேண்டும். வெட்டு முடியும் இடத்தில் வாள் வெளியே தலைகாட்டக் கூடாது.

ஜிக்கைக் கட்டுவது

முக்கால் அங்குலப் பிளைவூட்டின் கழிவுத்துண்டுகள் போதும். மேசையில் வாளுக்கு இணையாக நிற்கும் வழிகாட்டிச் சட்டத்தை ஃபென்ஸ் என்பார்கள். அதன் மேல் குதிரைச் சேணம்போல் கவிழ்ந்து முன்னும் பின்னும் வழுக்கும் ஒரு பெட்டிதான் அடிப்படை. 20 அங்குல நீளமும் 10 அங்குல உயரமுமான இரு பலகைகள் ஃபென்ஸின் இரு பக்கமும் வர, மேலே ஒரு பலகை அவற்றை இணைக்கும். இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. உள்ளே கடதாசி ஒன்று நுழையுமளவு இடைவெளி சரி. உராயும் முகங்களில் மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள். இந்தக் கவிழ்ப்புத்தான் பக்கவாட்டுச் சாய்வை ஒழிக்கிறது. ஒற்றைப் பலகையை ஃபென்ஸோடு சாய்த்துத் தள்ளும் ஜிக்குகளில் இது கிடையாது.

வாளின் பக்கமுள்ள பலகையில், ஓர் அங்குலத் தடிப்பான இரு சட்டங்களை மேசைக்கு 45 பாகையில், தம்முள் 90 பாகையில், விரித்த கைபோல் பொருத்துங்கள். பிரேமின் மூலை இந்தப் பள்ளத்தில் அமரும். பள்ளத்தின் அடி மேசையிலிருந்து 5 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும். வாளை 30 மில்லிமீற்றர் உயர்த்தினால் 25 மில்லிமீற்றர் ஆழக் கீற்றுக் கிடைக்கும். திருகாணிகள் மேசையிலிருந்து இரண்டரை அங்குலத்துக்கு மேலேதான் வர வேண்டும். அதற்குக் கீழே வாள் போகும் இடம். பசை மட்டுமே இருக்கலாம். கார்பைட் பல் இரும்பைச் சந்தித்தால் பல் உடைந்து தெறிக்கும்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் பகுதி. 10 அங்குல வாளை 30 மில்லிமீற்றர் உயர்த்தும்போது மேசை மட்டத்தில் வாளின் நீளம் 164 மில்லிமீற்றர், அதாவது ஆறரை அங்குலம். இவ்வளவையும் மறைக்கும் ஒரு மரக்கட்டையை, குறைந்தது 7 அங்குல நீளமும் 3 அங்குல உயரமும் 2 அங்குலத் தடிப்புமாக, பின்பக்கச் சாய்வுச் சட்டத்தின் கீழிருந்து தள்ளுபவரை நோக்கிப் பொருத்துங்கள். வாள் அந்தக் கட்டைக்குள் புதைந்தே இருக்கும். கூடவே ஃபென்ஸின் மறுமுனையில் ஒரு தடுப்புக்கட்டையைக் கிளாம்பால் இறுக்கி, மூலை வாளின் மையத்தை ஓர் அங்குலம் கடந்ததும் ஜிக் மோதி நிற்கும்படி செய்துவிட்டால், வாள் கட்டையை ஊடுருவி வெளியே வரவே முடியாது.

கைப்பிடி இரண்டும் மேல்பலகையில், பின்பக்கமாக. பிரேமைப் பலகையோடு சேர்த்துப் பிடிப்பது கிளாம்பின் வேலை. கையின் வேலையல்ல.

இந்த ஜிக்கில் எங்கே துல்லியம் வேண்டும், எங்கே தேவையில்லை என்று தெரிந்திருப்பது நல்லது. 45 பாகைச் சாய்வு அரைப் பாகை பிசகினால் கீற்று ஒரு பக்கம் சற்று நீளமாகும். துண்டைச் சீவிய பின் அது கண்ணுக்குக்கூடத் தெரியாது. பள்ளத்தின் 90 பாகையை மட்டும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள், பிரேம் ஆடாமல் அமர அது வேண்டும். உண்மையில் விட்டுக்கொடுக்க முடியாதது ஒன்று: ஃபென்ஸ் வாளுக்கு இணையாக நிற்பது. வாளின் ஒரே பல்லில் குறியிட்டு, அதை முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பி, ஃபென்ஸிலிருந்து தூரத்தை இரு இடத்திலும் அளந்தால் தெரிந்துவிடும். பின்புறம் குறுகினால் கீற்றின் சுவர் பின்பற்களைக் கவ்வும். எந்த ஜிக்கும் அப்போது முழுக் காவலாகாது.

வெட்டும் வரிசை

முதலில் பிரேமைப் பசை போட்டு ஒட்டி முழுதாகக் காயவிட வேண்டும். பாதி காய்ந்த மூலை வாளில் பிரிந்தால் ஆபத்து இரட்டிப்பு. பிரேமைப் பள்ளத்தில் அமர்த்தி, கிளாம்பை இறுக்கி, மோட்டார் நிறுத்தத்தில் இருக்கும்போதே ஜிக்கை ஒருமுறை தள்ளிப் பார்த்துத் தடுப்பு எங்கே மோதுகிறது என்று உறுதி செய்யுங்கள். பிறகு ஆளியைப் போட்டு, வாள் முழு வேகம் பிடித்ததும் ஒரே சீராகத் தள்ளுங்கள். தடுப்பில் மோதியதும் அங்கேயே வைத்து ஆளியை அணையுங்கள். வாள் முற்றாக நின்ற பிறகே ஜிக்கைப் பின்னிழுக்க வேண்டும். சுற்றும் வாளின் மேல் பின்னிழுப்பதுதான் பழக்கதோஷத்தில் பலர் செய்யும் பிழை.

சாதாரண வாளின் கீற்று ஏறத்தாழ ஒரு நூல் அகலம், 3.2 மில்லிமீற்றர். அதற்குரிய மெல்லிய துண்டை அதே மேசைவாளில், வாளுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே அரிய வேண்டாம். மெல்லிய சிம்பு அங்கே சிக்கினால் அம்பாகப் பாயும். தடித்த துண்டொன்றைச் சீவுளியால் சீவிப் பருமனுக்குக் கொண்டுவருவதே நல்லது. பெருவிரல் அழுத்தத்தில் உள்ளே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் இறுக்கம் கூடிவிட்டது; பி.வி.ஏ. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருப்பதால் துண்டு உள்ளே ஊதி மூலையையே பிளக்கலாம். காய்ந்ததும் மிஞ்சியதை வாளால் அறுத்து, மூலையின் நுனியிலிருந்து உள்நோக்கிச் சீவுங்கள். மறுபக்கமாகச் சீவினால் துண்டின் நார் பிய்ந்துகொண்டு வரும்.

ஜிக் பார்த்துக்கொள்ளாதவை

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மோட்டார் ஓடும்போது மின்சாரம் நின்று, ஆளியை அணைக்க மறந்து, ஜிக்கைக் கழற்றிச் சரிசெய்யும் வேளையில் மின்சாரம் திரும்பினால் வாள் சொல்லாமல் கிளம்பும். மின்சாரம் போனதும் தானே விடுபட்டு, மீண்டும் அழுத்தினால் மட்டும் இயங்கும் காந்த ஆளி இதற்கான மருந்து. மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் பெரிய செலவல்ல. அது பொருத்தும்வரை, மின்வெட்டானால் செருகியைக் கழற்றுவதே வழக்கமாக இருக்கட்டும்.

கையுறை காக்கும் என்று எண்ணிப் போடாதீர்கள். பல் நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கோயிலில் கட்டிய காப்புநூலுக்கும், அவிழ்ந்து தொங்கும் சாரத்துக்கும் இதே விதி. மூக்குக்கு முகக்கவசம் அவசியம். வன்மரத் தூளைப் புற்றுநோய்க் காரணியாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. முதிரைத் தூள் தோலில் அரிப்பையும் உண்டாக்கும்.

இடப்பெயர்வும் புலம்பெயர்வும் யாழ்ப்பாணத்துப் பட்டறைகளில் ஒரு தலைமுறை இடைவெளியை உண்டாக்கியிருக்கின்றன. மேத்திரியாரின் கைப்பழக்கம் பெடியனுக்குப் பல வருடம் பக்கத்தில் நின்று வர வேண்டியது. பல இடங்களில் அந்த வருடங்கள் கிடைக்கவில்லை. எங்கே பிடிப்பது, எவ்வளவு தள்ளுவது, எப்போது நிறுத்துவது என்ற தீர்மானங்களை அவர் முன்கூட்டியே மரத்தில் செய்து வைத்தால், வாள் சுற்றும்போது அவன் தீர்மானிக்க வேண்டியது மிகக் குறைவு. அந்த 0.2 செக்கன் போட்டியிலேயே அவனை இறக்காமல் விடுவதுதான் ஜிக்கின் வேலை.

பட்டறைக்குப் புதிதாக வருபவனுக்கு முதல் வேலையாக இந்த ஜிக்கையே செய்யக் கொடுக்கலாம். கைவாளும் சீவுளியும் மூலைமட்டமும் திருகாணி முடுக்கியும் இருந்தால் போதும், இயந்திரத்தைத் தொடவே தேவையில்லை. 45 பாகையைக் குறிக்கவும், 90ஐச் சோதிக்கவும், வாள் எங்கே வரும் என்று மனத்தில் கண்டு திருகாணியை விலக்கி முடுக்கவும் அதில் பழகிவிடுவான். ஆளியைப் போடும் நாளில் அந்த மேசையில் எது எங்கே போகும் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.